பேஸ்மென்றுக்கு ஒரு பொடியன்

எட தம்பி, நல்ல காரியம் செய்திருக்கிறாய். உன்ர பேஸ்மென்றிலை இவ்வளவு காலமும் ஓடாத ஓட்ட மெசினும் பழைய சோபாவும்தானே குடியிருந்ததுகள். இப்ப பஞ்சாப்பிலையிருந்து ஒரு பொடியன் வந்து இருந்து படிக்கிறான். ஸ்காபரோவிலை சென்டெனியல் கொலிஜும் யூனிவர்சிற்றி வளாகமும் பஸ் எடுத்தால் கிட்ட. "படிக்கிற பிள்ளையளுக்கு ஒரு உதவி, பெரியப்பா" எண்டு நீ சொன்னதை நான் அப்பிடியே நம்பிப்போட்டன். குசினி மேசையிலை மோட்கேஜ் புதுப்பிக்கிற கடிதம் கிடந்ததை நான் காணவேயில்லை.

2022 தொடக்கத்திலை கனடா வங்கியின்ர வட்டி 0.25 வீதம். 2023 ஜூலையிலை 5 வீதம். பிறகு இறங்கினது உண்மை, ஆனால் நீ வீடு வாங்கேக்கை கிடந்த இடத்துக்கு இறங்கேல்லை. ஊரிலை வெங்காயம் விலை விழுந்தால் மாட்டை விப்பம். இஞ்சை விக்க மாடில்லை, பேஸ்மென்ற் இருக்கு. அதிலை பிழையில்லை. ஆனால் அதுக்குப் புண்ணியம் எண்டு பேர் வைக்காதை.

ஒன்ராறியோ வாடகைச் சட்டத்திலை குசினிக்கு ஒரு தனி மரியாதை, தெரியுமோ? வீட்டுக்காரன் அதே வீட்டிலை இருந்து, அவன்ர குடும்பத்தோடை குசினியையோ குளியலறையையோ பங்குபோட்டுத்தான் இருக்க வேணுமெண்டால், வந்தவனுக்கு அந்தச் சட்டத்தின்ர பாதுகாப்பு இல்லை. கீழை தனிக் குசினி, தனிக் குளியலறை குடுத்தாயோ, அவன் வாடகைக்காரன். நினைச்ச உடனை எழுப்பேலாது. நோட்டீஸ் குடுத்து, அவன் எழும்பாட்டில் வாடகைச் சபையிலை போய் நிக்க வேணும். "ஏதும் உடைஞ்சால் பிடிக்க" எண்டு முன்பணமும் வாங்கேலாது, கடைசி மாச வாடகையை மட்டும் முதலே வாங்கலாம்.

நீயோ கெட்டிக்காரன். வாடகை தனிவீட்டுக் கணக்கிலை வேணும், எழுப்பேக்கை மட்டும் குசினி ஒண்டாயிருக்க வேணும். அதுதான் கீழை எல்லாத்தையும் கட்டிக் குடுத்திட்டு, ஒப்பந்தத்திலை "மேல் குசினியும் பாவிக்கலாம்" எண்டொரு வரி எழுதினனி. "பாவிக்கலாம்" காணாது தம்பி, பாவிச்சே ஆகவேணுமெண்டால்தான் செல்லும். சரி, மருமகளைக் கேட்டனியோ? என்னையே அவள் தன்ர அடுப்படிக்கு விட்டது, தான் காய்ச்சலாக் கிடந்த அண்டைக்கு மட்டும்.

படியிறங்கிற கதவிலை ஒரு தாள் ஒட்டியிருக்கிறாய். பத்து மணிக்குப் பிறகு குளிக்கக் கூடாது. ஹீற்றரிலை கை வைக்கக் கூடாது. மணக்கிற சமையல் கூடாது. அதை நான் எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கொண்டு நிக்கேக்கை மேலை நீ சூடைக் கருவாடு பொரிக்கிறாய். அந்த மணம் காத்துக்குழாய்க்குள்ளாலை இறங்கி அவன்ர போர்வைக்குள்ளை போய்ப் படுக்குது. படிப்பு நடக்கேக்கை கிழமைக்கு 24 மணித்தியாலம் வெளிவேலை செய்யலாமெண்டு அரசாங்கம் விட்டிருக்கு. கோப்பிக்கடையிலை வேலை முடிச்சுப் பதினொண்டுக்கு வாறவன் எண்ணெய் மணத்தோடையே படுக்கவேணுமாக்கும். நீ வந்த புதுசிலை வெலஸ்லிப் பக்கத்து அப்பார்ட்மென்றிலை எத்தினை பேர் முறைவச்சுப் படுத்தனியள் எண்டு நான் பொடியனுக்கு இன்னும் சொல்லேல்லை. கேட்டால் சொல்லுவன்.

ஜன்னலையும் ஒருக்காப் பார். நெருப்புப் பிடிச்சால் ஆள் வெளியிலை வரக்கூடியதாய் இருக்கவேணும். உன்ரதிலை தலை வரும், தோள் வராது.

அவன்ர தேப்பனை யோசிச்சனியோ? பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பக் காணியை ஈடு வைக்கிறவை பஞ்சாப்பிலை கனபேர். முந்தி செலவுக்குப் பத்தாயிரம் டொலர் காட்டினால் காணும்; 2024 ஜனவரியிலை, முதல் வருசப் படிப்புக் காசும் பிளேன் காசும் வேறை, கையிலை 20,635 டொலர் காட்டவேணும் எண்டு ஆக்கினவை. அங்கை அவர் காணியை ஈடு வச்சிருக்கிறார், இஞ்சை நீ வீட்டை ஈடு வச்சிருக்கிறாய். ரண்டு ஈட்டையும் மீட்கவேண்டிய இருபது வயதுப் பொடியன் உன்ர பழைய சோபாவிலை சோதினைக்குப் படிக்கிறான்.

நீ அடுத்த அஞ்சு வருசத்துக்கும் மாசாமாசம் "பொடியன் காசு" எண்டு கணினியிலை வரவு எழுதி வச்சிருக்கிறாய். ஆனால் 2024 ஜனவரியிலை, அப்ப குடிவரவு மந்திரியாயிருந்த மார்க் மில்லர் வந்து நிண்டு, இந்த வருசம் மாணவ அனுமதி ஏறக்குறைய 360,000தான், போன வருசத்தைவிட 35 வீதம் குறைவு எண்டார். சொன்ன காரணங்களிலை ஒண்டு, நாட்டிலை வீட்டுத் தட்டுப்பாடாம். பாரன் கூத்தை: உன்ர வீட்டைக் காப்பாத்த வாறவனை, வீடில்லை எண்டு சொல்லி மறிக்கினம்! ஆனபடியால் அந்தக் காசு வந்தால் மேலதிகம் எண்டு வை. அது இல்லாமல் தவணை கட்டேலாதெண்டால், நீ வாங்கினது உனக்குப் பெரிய வீடு.

கடைசியா, வரிக்காரனுக்குச் "சொந்தக்காரப் பொடியன்" எண்டு சொல்லலாமோ எண்டு கேட்டாய். பஞ்சாப்பின்ர ஜலந்தரிலை உனக்கு எப்பவடா மச்சான் முளைச்சவன்? வாடகையை ஒழுங்காக் காட்டு. காட்டினால் அந்தப் பங்குக்குரிய வட்டியையும் கரண்டுக் காசையும் செலவிலை கழிக்கலாம். பொடியன் வாடகைக்கு றிசீற் கேட்டால் முகத்தைச் சுளிக்காமல் எழுதிக் குடு. வாடகைக்காரன் கேட்டால் குடுத்தே ஆகவேணும், அதுக்குத் தனிக்காசும் வாங்கேலாது.