முதல் கேள்வி எது?

கேள்வி: சிறிய சுரங்க நிறுவனப் பங்குகளை வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: "தங்கம் எவ்வளவு?" என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதல் கேள்வி, "அதை வேறு யார் சோதித்தார்கள்?" என்பதே. கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம் இந்தோனேசியாவின் புசாங்கில் 7 கோடி அவுன்ஸ் தங்கம் இருப்பதாகச் சொன்னது. அதன் சந்தை மதிப்பு ஏறத்தாழ 600 கோடி கனடிய டாலரைத் தொட்டது. துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டை நெடுக்காக அறுத்து, பாதியை மறுசோதனைக்கு வைப்பது வழக்கம். அங்கே ஏறக்குறைய முழுவதையும் பொடித்துவிட்டார்கள். 1997இல் ஃப்ரீபோர்ட் என்ற வேறொரு சுரங்க நிறுவனம் தானே துளையிட்டுப் பார்த்ததும் குட்டு உடைந்தது. மாதிரிகளில் வெளித் தங்கத் துகளைக் கலந்திருந்தார்கள்.

"2001இல் கனடா விதிகளைக் கடுமையாக்கிவிட்டதே, இனி என்ன பயம்?" எனலாம். தகுதிபெற்ற வல்லுநர் பொறுப்பேற்றே அறிக்கை தரவேண்டும் என்ற விதி நல்லதுதான். ஆனால் அது பொய்க்குப் போட்ட வேலி. லாபத்துக்கு உத்தரவாதம் அல்ல. தங்கம் உண்மையிலேயே இருந்தாலும் தோண்டும் செலவு அதன் விலையைத் தாண்டலாம். வருமானமில்லாத நிறுவனம் புதுப் பங்குகளை வெளியிட்டே பணம் திரட்டும். உங்கள் பங்கின் விகிதம் தேயும். ஆகவே கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும், இயக்குநர்கள் சொந்தப் பணம் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மழுப்பினால், அந்த மழுப்பலே பதில்.