ரேஸ் கொடுத்தால் நின்றுவிடும்

“ரேஸ் கொடுத்தா ஆஃப் ஆயிடுது சார்.”

1986இல் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில், என்.சி.சி. விமானப் பிரிவு கேடட்டாக நின்று நான் சொன்னது. போன மாதம் அக்கா மகள் அதையே, ‘சார்’ இருந்த இடத்தில் ‘மாமா’ போட்டு, என்னிடம் சொன்னாள். இடையில் ஏறக்குறைய நாற்பது வருஷம். நான் சொன்னது எண்ணெய் குடிக்கும் எஞ்ஜினைப் பற்றி. அவள் சொன்னது பேட்டரியில் ஓடும் மோட்டாரைப் பற்றி.

எங்களுடையது மாதிரி விமானம், பால்சா மரத்தில் ஒட்டியது. மூக்கில் 6.5 சி.சி. ஜப்பான் எஞ்ஜின், டூ ஸ்ட்ரோக். எரிபொருள் நான்கு பங்கு மெத்தனால், ஒரு பங்கு விளக்கெண்ணெய். ஆமாம், பாட்டி மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய். எவ்வளவு சூட்டிலும் பிஸ்டனை விட்டு எளிதில் விலகாது, மெத்தனாலில் நன்றாகக் கரையும், அதனால்தான் அது. மெத்தனால் டின் பூட்டிய அலமாரியில் இருக்கும். கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே கண் போய்விடும் என்று எங்கள் இன்ஸ்ட்ரக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். ட்யூபை வாயால் உறிஞ்சி எண்ணெய் இறக்கிய பையனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். அது கடுமை என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

எஞ்ஜினில் ஸ்பார்க் கிடையாது. க்ளோ பிளக்கில் ப்ளாட்டினம் கம்பிச் சுருள் ஒன்று. ஒன்றரை வோல்ட் கொடுத்துச் சிவக்க வைத்து, ப்ரொப்பெல்லரைச் சுண்டி ஸ்டார்ட் செய்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். அதன்பின் மெத்தனாலும் ப்ளாட்டினமும் சேர்ந்தே சுருளைச் சிவப்பாக வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றும்போது வேகம் குறைந்தால் பிளக் சோர்ந்துவிட்டது என்று பொருள். காதுதான் மீட்டர்.

என் எஞ்ஜின் மெதுவாக ஓடும். த்ராட்டிலைத் திறந்தால் நின்றுவிடும். கார்புரேட்டரில் இரண்டு திருகு. நீளமான நீடில் முழு வேகத்துக்கு. த்ராட்டில் கைக்குள் ஒளிந்திருக்கும் சின்னது ஐடிலிங்குக்கு. சின்னதை வலப்பக்கம் திருகினேன், நிலைமை மோசமானது. இன்னும் திருகினேன், இன்னும் மோசம். அதற்கு முன் நான் பழகிய எஞ்ஜினில் அந்த இடத்தில் இருந்தது காற்றை அளக்கும் திருகு. அதை வலப்பக்கம் திருகினால் காற்று குறையும், எண்ணெய் தூக்கலாகும். இதில் இருந்ததோ எண்ணெயை அளக்கும் திருகு. வலப்பக்கம் திருகினால் எண்ணெயே குறையும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், வேலை நேர் எதிர்.

“திருகை விடுப்பா. ட்யூபைப் பிடி” என்றார் இன்ஸ்ட்ரக்டர்.

எஞ்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, ப்ரொப்பெல்லருக்குப் பின்னாலிருந்து கை நீட்டி, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ட்யூபை இரண்டு விரலால் நசுக்க வேண்டும். உடனே நின்றால் லீன், எண்ணெய் போதவில்லை. நிற்பதற்கு முன் வேகம் ஏறினால் ரிச், எண்ணெய் அதிகம். என்னுடையது சட்டென்று நின்றது. இடப்பக்கம் அரைக்கால் சுற்று, மறுபடி சோதனை, மறுபடி கொஞ்சம். நான்காவது முறை த்ராட்டிலைத் தள்ளியபோது குரல் தடுமாறாமல் ஏறியது. அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. ஆனால் ஒன்று, முழு வேக நீடிலைச் சரிசெய்த பிறகுதான் இந்தச் சின்னத் திருகைத் தொட வேண்டும். முறை மாறினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருக்கலாம்.

தரையில் தீர்ந்தது, வானத்தில் தீரவில்லை. டேங்க் நிறைய இருக்கும்போது அருமையாகப் பறக்கும். நாலைந்து நிமிஷம் கழித்து மூக்கைத் தூக்கினால் குரல் கீச்சென்று மெலிந்து நின்றுபோகும். பிறகு காற்றின் ஓசை மட்டும். விமானத்தை எப்படியாவது தரைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வாரம் நீடிலைத் திறந்து திறந்து பார்த்தேன். புகை அதிகமானதே தவிர குணமாகவில்லை.

இன்ஸ்ட்ரக்டர் வந்து ட்யூபை வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். சின்னச் சின்னக் குமிழ்கள் ஓடின. டேங்கின் அதிர்வில் எண்ணெய் நுரைக்கிறதோ என்று முதலில் ஸ்பாஞ்சு சுற்றிப் பார்த்தோம். பிறகு டேங்கைத் திறந்தோம். உள்ளே எண்ணெய் எங்கே போனாலும் கூடவே போக, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய மெல்லிய ட்யூப் இருக்கும். அதன் முன்பக்கம், பித்தளைக் குழாயைக் கவ்வும் இடத்தில், ஊசி முனை அளவு கிழிசல். டேங்க் நிறைந்திருந்தால் கிழிசல் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும், தொந்தரவில்லை. பாதி தீர்ந்து மூக்கும் தூக்கினால் எண்ணெய் பின்னால் போய்விடும். கிழிசல் காற்றை உறிஞ்சும். ஒரு வாரமாக நான் திருகியது நல்ல நீடிலை.

இப்போது அக்கா மகளுக்கு வருவோம். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். தெர்மாகோல் மாதிரி லேசான ஃபோம் விமானம், மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி. கையில் எண்ணெய்ப் பிசுக்கில்லை, புகையில்லை. இது எனக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் மோட்டார் நிற்கிறது என்று, ஸ்பீடு கண்ட்ரோலரின் அளவுகளை மூன்று முறை மாற்றியிருந்தாள், ரேடியோவை மறுபடி இணைத்திருந்தாள். எனக்கு அந்த மெனு எதுவும் புரியவில்லை. காதைக் கொடுத்தும் பயனில்லை. மின் மோட்டார் திணறிக் காட்டாது, ஓடும், சட்டென்று ஓடாது.

“புதுசா சார்ஜ் போட்டதும் எப்படிம்மா?”

“சூப்பரா ஓடுது மாமா. மூணு நிமிஷம் கழிச்சுத்தான்.”

பாதி தீர்ந்த பிறகு, முழு வேகம் கேட்கும்போது. எனக்கு டேங்க்தான் ஞாபகம் வந்தது. பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன்; சூடு, நடுவில் லேசாக உப்பியிருந்தது. வோல்ட் மீட்டரை வைத்தே முழு வேகம் கொடுக்கச் சொன்னேன். சும்மா இருக்கையில் செல்லுக்கு 3.8 வோல்ட் காட்டியது. த்ராட்டில் ஏறியதும் நடுச் செல் மட்டும் 3 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது. பேட்டரி கெடாமலிருக்க கண்ட்ரோலரே மோட்டாரை நிறுத்திக்கொண்டது. வேலையைச் சரியாகச் செய்த கண்ட்ரோலரைத்தான் அவள் மூன்று முறை மாற்றி அமைத்திருந்தாள். உப்பிய பேட்டரியை வெளியே மணல் வாளியில் வைத்தோம். தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது, வீட்டுக்குள் வைக்கக்கூடாது.

டேங்க் கதையை அவளிடம் சொன்னேன். அந்த எஞ்ஜினைப் பார்க்க வேண்டும் என்றாள். பரணிலிருந்து இறக்கினேன். பழைய விளக்கெண்ணெய் கோந்தாகி, பிஸ்டன் அசையவில்லை. பலத்தைப் போட்டுத் திருப்பினால் உள்ளே உடையும் என்று அவள் கையைத் தடுத்துவிட்டு, ஹேர் டிரையரால் சூடு காட்டினோம். நாற்பது நிமிஷத்தில் இளகியது. ட்யூபெல்லாம் புதிது மாற்றினோம். கடையில் கலந்தே விற்கும் எரிபொருள் வாங்கி, மரப்பலகையில் எஞ்ஜினை இறுக்கி, ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் சுண்டினோம். ஏழாவது சுண்டலில் பிடித்தது. விளக்கெண்ணெய்ப் புகை வாசம் மாடி முழுக்கப் பரவியது. அக்கா கீழேயிருந்து என்ன கருகுது என்று குரல் கொடுத்தாள்.

த்ராட்டிலைத் தள்ளினேன். களகளவென்று கக்கிவிட்டு நின்றது.

மறுபடி ஸ்டார்ட் செய்தோம். “பின்னாலேருந்து கை நீட்டு” என்றேன். அவள் ட்யூபை நசுக்கினாள். குரல் ஏறியது, ஏறி நின்றது.

“ரிச் மாமா” என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவள், திருகுவதற்கு முன் தயங்கினாள்.

“இது எண்ணெய்த் திருகா, காத்துத் திருகா?”

“எண்ணெய்.”

வலப்பக்கம், அரைக்கால் சுற்று.