முண்டும் முடிச்சும்

கே: மரத்தில் கட்டிபோலப் புடைத்து வளரும் மரமுண்டு ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன மரம்? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

ப: படம் முழுக்க வார்னிஷ்தான் தெரிகிறது. அதை இழைத்து எடுத்துவிட்டுக் குறுக்குவெட்டைக் காட்டுங்கள்.

கே: எதைக் கேட்டாலும் குறுக்குவெட்டு என்கிறீர்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது? (திண்டுக்கல் வாசகி)

ப: மரத்தின் ஜாதகமே அங்கேதான் இருக்கிறது! கூரான பிளேடால் ஒரு சீவு சீவி, லேசாக ஈரம் தடவி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பாருங்கள். தேக்கு என்றால் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும். மாமரத்தில் அந்த வரிசை கிடையாது, துளைகள் எங்கும் பரவிக் கிடக்கும். பைன் குடும்பத்தில் இந்தத் துளையே இருக்காது. முண்டில் உறங்கும் மொட்டுகள் கணக்கில்லாமல் திரண்டு, ரேகையை நாலா பக்கமும் சுழற்றிவிடும். நடுவில் எங்கே வெட்டினாலும் ஒரே வெட்டில் நெடுக்கும் குறுக்கும் கலந்து கண்ணைக் கட்டும். எனவே முண்டு அடிமரத்தோடு ஒட்டியிருந்த பக்கத்தைத் தேடுங்கள். அங்கே விரலகலம் நேர்ரேகை கிடைத்தாலும் போதும், பாதி வழக்கு முடிந்தது.

கே: நிறத்தை வைத்துச் சொல்லிவிட முடியாதா? (மன்னார்குடி வாசகர்)

ப: பலா அறுத்த அன்று மஞ்சள், நாள்பட நாள்படப் பழுப்பு. இரண்டு பேர் பந்தயம் கட்டினால் இருவருமே ஜெயிப்பார்கள்.

கே: வீட்டில் மரமுண்டு வைத்தால் அதிர்ஷ்டமாமே? (சேலம் வாசகி)

ப: உண்மைதான், அதைக் கடைந்து விற்ற பட்டறைக்காரருக்கு.

கே: வேங்கை முண்டு என்று ஒருவர் விற்றார். வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? (செங்கோட்டை வாசகர்)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! வைரப் பகுதியில் கொஞ்சம் சீவல் எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஊறவிடுங்கள். பிறகு டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து வெயிலில் பாருங்கள். தண்ணீரின் ஓரத்தில் நீலம் ஒளிர்ந்தால் வேங்கையின் பேரினத்தைச் சந்தேகிக்கலாம். சந்தேகிக்க மட்டும்தான், ஏனென்றால் இந்த நீலம் ஐரோப்பாவையே சுற்றலில் விட்டிருக்கிறது. 1565-ல் ஸ்பெயின் மருத்துவர் மொனார்டெஸ், தண்ணீரை நீலமாக்கும் சிறுநீரக மருந்துக்கட்டை மெக்சிகோவிலிருந்து வருவதாக எழுதினார். 1646-ல் கிர்ச்சர் அப்படியொரு மரக்குவளையை வர்ணித்தார். 1664-ல் ராபர்ட் பாயில், புளிப்பைச் சேர்த்தால் நீலம் மறைவதையும் காரத்தைச் சேர்த்தால் திரும்புவதையும் கண்டு சொன்னார். ஆராய்ச்சி அமர்க்களம்! ஆனால் அது என்ன மரம்? 1915-ல்தான் சாஃபோர்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் அது ஒன்றல்ல, இரண்டு என்று பிரித்துக் காட்டினார். சீவலாக வந்தது மெக்சிகோவின் சிறுமரம். குவளைகளோ பிலிப்பைன்ஸின் நர்ரா மரம். நர்ரா நம் வேங்கைக்குப் பங்காளி. அதன் முண்டைத்தான் ‘அம்போய்னா’ என்று உலகச் சந்தையில் பொன் விலைக்கு விற்கிறார்கள். ஆக, டம்ளர் நீலமானாலும் லென்ஸைக் கீழே வைக்காதீர்கள்.

கே: சந்தேகமே இல்லாத பதில் யாரிடம் கிடைக்கும்? (ஓசூர் வாசகர்)

ப: பெங்களூருவில் மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். அவர்களாலும் பல சமயம் பேரினம் வரைதான் அறுதியிட முடியும். அதற்குமேல் ஒரே பார்வையில் இனத்தையும் சொல்லும் வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

கே: எங்கள் தோட்டத்து வேம்பில் அண்டா அளவுக்கு முண்டு. அறுத்து எடுத்தால் மரம் பிழைக்குமா? (தேனி வாசகி)

ப: வேண்டாம் அம்மா. அவ்வளவு பெரிய காயத்தை மரம் மூட நெடுங்காலம் பிடிக்கும். அதற்குள் பூஞ்சை உள்ளே போய்விடும். கலிபோர்னியாவின் ரெட்வுட் மரக் காடுகளில் திருடர்கள் இரவில் ரம்பத்தோடு வந்து முண்டுகளை அறுத்தார்கள். தாய்மரம் பட்டுப்போனாலும் அந்த முண்டிலிருந்துதான் புதுத் தளிர் வரும். அதையே வெட்டிக்கொண்டு போனார்கள். இதைத் தடுக்க 2014-ல் அங்குள்ள பூங்காவின் சாலை ஒன்றை இரவில் மூடவேண்டி வந்தது. உங்கள் வேம்பு தானாக விழும் நாள் வரும்போது, முண்டை அடிமரத்தில் ஒரு சாண் சேர்த்தே அறுங்கள். வெட்டுமுகத்தில் மெழுகு பூசி நிழலில் காயவிடுங்கள், வெடிப்பு குறையும்.