ஆவி பிடித்த பாடம்

‘ஆவியாதல்’ என்றால் என்ன என்று திருத்தணியில் ஒரு நாலாம் வகுப்புப் பையனைக் கேட்டேன். “தண்ணி செத்துப் பேயாப் போறது சார்.” பாடநூல் விளக்கத்தைவிட இது தெளிவு!

வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். 1960-இல் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்திராவிட்டால் ‘பாஷ்பீபவனம்’ என்று பல்லுடைய ஒப்பித்திருப்பான். பேய்க்குத் தப்பிப் பூதத்திடம் மாட்டிய கதை. அவன் அம்மாவோ தினமும் இட்லிக் குண்டான் மூடியைத் தூக்கி, அதிலிருந்து சொட்டும் நீரை முந்தானையால் துடைத்தபடி, “ஆவிரி வச்சிந்தி” என்கிறாள். ஆவியாதல், குளிர்தல் இரண்டும் அடுப்படியிலேயே முடிந்துவிட்டன, மார்க்குதான் கிடையாது.

மறுநாள் மலையில் 365 படியும் ஏறி வியர்த்துவந்தவன், காற்றில் சட்டை காய்ந்ததும் சொன்னான்: “சார், தண்ணிக்கு மோட்சம்!”