கேபிள் துறந்த பெருமான்

கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் உங்கள் பக்கம் சாய்ந்து, "உங்க வீட்ல இன்னும் கேபிள்தானா?" என்று கேட்டால் உஷாராகிவிடுங்கள். உங்கள் வீட்டில் இன்னும் விறகடுப்பா என்று விசாரிக்கிற குரல் அது. நீங்கள் ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள், "நான் வெட்டிட்டேன்" என்பார். எதை, எப்போது, ஏன் என்று நீங்கள் வரிசையாகக் கேட்டு முடிக்கும்வரை அவர் ரசத்துக்குக் கை காட்டப்போவதில்லை.

தாம்பரத்தில் இருப்பார், திருச்சி தில்லைநகரில் இருப்பார், மதுரையில் அண்ணாநகரில் இருப்பார். வயது ஐம்பதுக்கு மேல். பாங்கிலோ மின்வாரியத்திலோ ஓய்வுக்குப் பக்கத்தில் வந்துவிட்டவர். கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் 55 அங்குல டிவியைத் தவணையில் வாங்கிச் சுவரில் மாட்டியவர் அவர்தான். அந்தத் தவணையை ஈடுகட்ட மாதம் முந்நூறு ரூபாய் கேபிள் காசை நிறுத்துவது என்று முடிவெடுத்தார். அந்தக் கணக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது நிதானமாக அனுபவிக்க வேண்டியது.

நம்மவருக்குத் துறவு புதிதல்ல. வாலிபத்தில் மொட்டைமாடியில் ஆன்டெனாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கீழே கேட்டுக் கேட்டு இலங்கை ரூபவாஹினியைப் பிடித்தவர். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியதும், தெருவில் முதல் ஆளாகக் கேபிள் இழுத்து ஆன்டெனாவைக் காயலான் கடையில் போட்டார். இந்தியாவிலேயே முதல் ஊராக 2003இல் சென்னை, கட்டணச் சேனலுக்குப் பெட்டி வைக்கும் முறைக்கு மாறியபோது அந்தப் பெட்டியையும் வாங்கினார். பிறகு மாடியில் டிடிஎச் குடை முளைத்தது. ஒவ்வொரு முறையும் பழையதை வைத்திருப்பவர்களைப் பார்த்து அதே பரிதாபப் புன்னகை. 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய் என்று அறிவித்ததும் குடையைத் துறந்து மறுபடி கேபிளுக்கே வந்தாரே, அதைப் பந்தியில் சொல்ல மாட்டார்.

அவரை ஞானமார்க்கத்தில் தள்ளியது 2019 பிப்ரவரி. வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய முறை அமலுக்கு வந்தது. நம்மவர் ஆனந்தக் கூத்தாடினார். பேரேடு மாதிரி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு குடும்பத்தைக் கூட்டினார். இலவசச் சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் 130, அதற்கு 18 சதவீத வரி, ஆக 153 ரூபாய் 40 காசு. இதில் ஒரு கட்டணச் சேனல்கூடக் கிடையாது என்று தெரிந்தபோது முகம் மாறியது. "சீரியல் பார்க்காம இருக்க முடியுமா, முடியாதா?" என்று அம்மாவைக் கேட்டார். "சாப்பிடாம இருக்க முடியுமான்னு உன் பெண்டாட்டிகிட்ட கேளு, சமைக்கிற வேலையாவது மிச்சம்" என்றாள் அம்மா. சன்னுக்கு 19 ரூபாய், அதற்கு ஒன்று, இதற்கு ஒன்று என்று கூட்டக் கூட்டப் பழைய கட்டணத்தைத் தாண்டிப் போனது. அன்றைக்கே மனதுக்குள் வெட்டிவிட்டார். கையால் வெட்டத்தான் சில வருஷம் பிடித்தது.

வெட்டிய நாளின் வைபவத்தைக் கேட்டால்தான் அவருடைய பெருமையின் அளவு புரியும். ஐந்தாம் தேதி வசூலுக்கு வந்த கேபிள்காரரை ஹாலில் உட்காரவைத்து, காபி கொடுத்து, விடைகொடுத்தார்.

"தம்பி, இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். இனிமே எல்லாம் ஓடிடிதான்."

"சரிங்க சார். பெட்டியை மட்டும் குடுத்துருங்க. நெட்டுக்கு என்ன பண்றீங்க?"

"ஃபைபர் போடப்போறேன்."

"யாருகிட்ட சார்?"

நம்மவர் ஒரு கம்பெனி பெயரைச் சொன்னார்.

"அது நம்மதுதான் சார். இந்த ஏரியாவுக்கு நாமதான் எடுத்திருக்கோம். பிஎஸ்என்எல் வேணும்னாலும் சொல்லுங்க, அதுவும் நாமதான் இழுக்கறோம். பையனைக் காலைல அனுப்பட்டுமா?"

காலையில் பையன் வந்தான். பல வருஷம் கேபிளுக்காகச் சாய்த்த அதே ஏணியை அதே சுவரில் சாய்த்தான். ஜன்னல் ஓரத்தில் கேபிளுக்காகப் போட்ட அதே ஓட்டைவழியே மெல்லிய ஒயரை உள்ளே தள்ளினான். கேபிள்காரருக்கு மாதம் முந்நூறு வந்த வீட்டிலிருந்து வரியோடு ஏறக்குறைய அறுநூறு வர ஆரம்பித்தது. தன்னை ஒரு வாடிக்கையாளர் கைவிட்டதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட வியாபாரியை நான் பார்த்ததில்லை. பழைய கறுப்பு ஒயரைச் சுருட்டி எடுக்க யாருக்கும் நேரமில்லை. மொட்டைமாடியில் ஒரு முனை தண்ணீர்த் தொட்டியிலும் மறுமுனை கைப்பிடிச் சுவரிலுமாக நின்று, வீட்டுத் துணியெல்லாம் அதில்தான் இப்போது காய்கிறது. துறவால் விளைந்த நிகர லாபம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

இனி கணக்கு. கேபிளுக்கு மாதம் 300 என்றால் வருஷத்துக்கு 3,600. இது முழுக்க மிச்சம் என்று நோட்டின் இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டார். வலப்பக்கத்தில் பிரைம் ஆண்டுக்கு 1,499. ஜியோஹாட்ஸ்டார் அன்றைய விலையில் 899, விளம்பரத்தோடு. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது பிடித்த 199 ரூபாய்த் திட்டம், வருஷத்துக்கு 2,388. கூட்டினால் 4,786. இதோடு நிற்கவில்லை. 2025 ஜூனில் பிரைமிலும் விளம்பரம் வந்தது. வேண்டாமென்றால் வருஷத்துக்கு இன்னொரு 699. விளம்பரத்திலிருந்து விடுதலை என்று பந்திதோறும் பிரசங்கம் செய்தவர் என்பதால் மானத்துக்குப் பயந்து அதையும் கட்டினார். 5,485.

"ஃபைபர் காசைச் சேர்க்கலையே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது பையன் படிப்புக்கு" என்றார். பையன் படிப்பு முடித்துப் பெங்களூரில் வேலைக்குப் போய் வெகுநாளாகிறது. நோட்டில் இன்னும் கல்விச் செலவுதான்.

அந்த 199 ரூபாய்த் திட்டத்தில் படம் 720பி தரத்துக்கு மேல் வராது. 4கே டிவியை வாங்கி, அதன் தவணைக்காகக் கேபிளை வெட்டி, டிவியின் தரத்தில் ஒரு பங்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். "பிக்சர் எப்படி?" என்று வந்தவர்களைக் கேட்பார். எல்லாரும் பிரமாதம் என்பார்கள். அவருடைய காபி நன்றாக இருக்கும்.

உண்மையிலேயே காசு மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. குடையும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணமே கிடையாது. இதை நம்மவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் யாரு சார் பார்ப்பா?" என்றார். செலவு மிச்சமாக வேண்டும்தான். ஆனால் மிச்சமானது நாலுபேருக்குப் பெருமையாகச் சொல்லும்படியும் இருக்க வேண்டும்.

காசைவிட்டுத் தள்ளுங்கள். அவர் சற்றும் எதிர்பாராதது அம்மாவை. எண்பதை நெருங்கும் அந்த அம்மாளுக்கு டிவி என்பது எண். இந்த நாடகம் இந்த எண்ணில், இத்தனை மணிக்கு. கண்ணாடி இல்லாமலே அழுத்துவாள். புது ரிமோட்டில் எண்ணே இல்லை. ஒரு வட்டமும் நாலு அம்புக்குறியும், வாங்கச் சொல்லிக் கெஞ்சும் சில கம்பெனிப் பெயர்களும்தான். சன் சீரியல் சன் நெக்ஸ்ட்டில், விஜய் சீரியல் ஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் சீரியல் ஜீ5இல். மூன்று மருமகள்களின் கண்ணீரைப் பார்க்க மூன்று வாசல், மூன்று சந்தா. அம்மாவும் லேசுப்பட்டவள் அல்ல. இடமிருந்து மூன்றாவது கட்டம் என்று மனப்பாடம் செய்தாள். டிவி ராத்திரியோடு ராத்திரியாகத் தானே அப்டேட் ஆகி, மூன்றாவதை ஆறாவதாக்கிவிட்டது.

வாயால் சொன்னால் வரும் என்று மகன் கற்றுக்கொடுத்தார். அம்மா ரிமோட்டை வாயருகே வைத்து, தன் சீரியலின் பெயரை, "எதிர்நீச்சல்" என்றாள். குளத்தில் நீந்தக் கற்றுக்கொள்வது எப்படி என்று பத்து வீடியோ வந்தது. மூன்று பாகம் தொடர்ந்து பார்த்த ஒருநாள் திரை நின்று, இன்னும் பார்க்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டதாம். மருமகள் மொழிபெயர்த்துச் சொல்ல, "நான் இருக்கேனா போயிட்டேனான்னு பார்க்குதா?" என்று அம்மா அன்று முழுக்க டிவியோடு பேசவில்லை.

முன்பெல்லாம் டிவி நின்றால் வீடே சேர்ந்து கேபிள்காரரைத் திட்டும். குடும்ப ஒற்றுமைக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. இப்போது?

"ஏங்க, சுத்திக்கிட்டே இருக்கு."

"ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"டேய், பாஸ்வேர்ட் கேக்குதுடா."

"வர்றேம்மா."

ஆபீஸ் மீட்டிங் நடுவே கோயம்புத்தூர் மச்சினன் போன் செய்வான். "மாமா, ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க." இரவு பதினொன்றுக்கு அக்கா வீட்டிலிருந்து, "இத்தனை பேர்தான் பார்க்கலாம்னு சொல்லுதுடா, யாரையாவது வெளியே தள்ளு" என்று வரும். சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து எழுந்து நம்மவருக்கு நாலு கிலோ இறங்கிவிட்டது.

ஐபிஎல் வந்தால் நிலைமை வேறுவிதம். இணையவழியில் வரும் ஆட்டம் துண்டுதுண்டாகப் பொதியப்பட்டு, கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்ட பிறகே திரைக்கு வரும் என்பதால் கேபிளைவிடச் சில நொடிகள், சில வீடுகளில் அரை நிமிஷம்கூடப் பின்தங்கும். நம்மவர் டிவியில் தோனி அப்போதுதான் கையுறையைச் சரிசெய்துகொண்டிருப்பார். கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில், "ஐயோ, போச்சே!" என்று அலறல் கிளம்பும். கேபிளைத் துறந்தவருக்கு வருங்காலம் தெரிய ஆரம்பித்தது இப்படித்தான். ஜன்னல்களைச் சாத்திப் பார்த்தார். சென்னை ரசிகனின் தொண்டையைத் தடுக்கும் ஜன்னல் இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் அடுத்த வீட்டுச் சத்தத்தை வைத்து, "இது சிக்ஸர், பாருங்க" என்று வந்தவர்களிடம் ஆரூடம் சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு சந்தாவில் என்ன பார்க்கிறார் என்று கேட்பீர்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை என்ன பார்ப்பது என்று பார்க்கிறார். போஸ்டர்களை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே போவார். கொரியாக்காரன் வெட்டுகிறான், ஸ்பெயின்காரன் கொள்ளையடிக்கிறான்; எதையும் தொடங்கமாட்டார். நல்ல படமாக ஏழெட்டைப் பட்டியலில் சேர்த்துவைத்துவிட்டு, பார்த்த திருப்தியோடு தூங்கப்போய்விடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால் ஆளே மாறிவிடுவார். அங்கே கேடிவியில் ரஜினி படம் பாதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். அது அவருடைய போனிலேயே விளம்பரமில்லாமல், தொடக்கத்திலிருந்து கிடைக்கும். இருந்தும் சோப்பு விளம்பரம், நகைக்கடை விளம்பரம், மறுபடி சோப்பு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார். ரிமோட்டை எடுக்கவந்த அக்கா பேரனை ஒருமுறை அதட்டியே விட்டார்.

பாஸ்வேர்டைப் பங்குபோடுவதை 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் நிறுத்தியது. ஒரு கூரையின்கீழ் இருப்பவர்தான் ஒரு குடும்பமாம். மூன்று நாத்தனார்களாலும் ஒரு சொத்து வழக்காலும் பிரிக்கமுடியாமல் இருந்த கூட்டுக்குடும்பம் அந்த ஒரே மின்னஞ்சலில் பிரிந்தது. மச்சினன் இரண்டு வாரம் பேசவில்லை. மிச்சமிருக்கும் சந்தாக்களையாவது பங்குபோட்டுச் செலவைக் குறைக்கலாம் என்று நம்மவர் ஒரு திட்டம் வகுத்தார். அக்கா வீடு, மச்சினன், மேல்மாடிக் குடித்தனக்காரர் மூவருக்கும் மாதம் இவ்வளவு என்று பிரித்து, அதே நோட்டில் புதுப்பக்கம் போட்டார். ஜிபேயில் அனுப்புவதாக எல்லாரும் சொன்னார்கள். சொன்னதோடு சரி.

ஆகையால் ஐந்தாம் தேதி காலையில் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினார். குடித்தனக்காரர் கதவைப் பாதி திறந்து, "போன வாரம் ரெண்டு நாள் வரவே இல்லையே சார், அதைக் கழிச்சுக்குவீங்கல்ல?" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றோம்னு சொல்லுங்க" என்றாள். நம்மவர் பேனாவை மூடிக்கொண்டு இறங்கியபோது, இன்டர்நெட் பணம் வாங்க மாடிப்படி ஏறிவந்துகொண்டிருந்தார் கேபிள்காரர். அவர் கையிலும் நோட்டு. சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே கேட்டார்:

"என்ன சார், கலெக்‌ஷனா?"