மணிமேகலை எங்கே?

கேள்வி: கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்த்த எனக்கு ஏமாற்றம். உங்களுக்கு?

பதில்: 2022-ல் வந்த முதல் படத்தில் இல்லை, 2023-ல் வந்த இரண்டாவதில் நிறையவே. ஐந்து பாக நாவலை இரண்டு படங்களில் அடைப்பது யானையைப் பானைக்குள் அடைக்கிற வேலை. வால் வெளியே நின்றால் பொறுத்துக்கொள்ளலாம், நின்றது இதயம். கதாநாயகன் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் மணிமேகலை படத்திலேயே இல்லை. கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் உண்மையான சோழ இளவரசன் மதுராந்தகன் என்ற கல்கியின் திருப்பமும் போயிற்று. பூக்குடலை சுமந்த கைக்குச் செங்கோல் வருகிற அந்த அழகுக்கு எந்தப் போர்க்களக் காட்சியும் ஈடாகாது. படத்தோடு நிறுத்திக்கொண்டவர்களே, ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகர'த்தையாவது படித்துவிடுங்கள். மணிமேகலை அங்கே காத்திருக்கிறாள்.