பரிசில்லாத போட்டி

எங்கள் அரியலூர்ச் சீமைக்குக் கடல் ஒருமுறை வந்து போயிருக்கிறது. நாங்கள்தான் அப்போது ஊரில் இல்லை. சிமெண்டுக்காகத் தோண்டும் சுண்ணாம்புக்கல் பூமியில் கடல் நத்தைக்கூடும் சுறாப் பல்லும் கிடைத்திருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி என்கிறார்கள். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. அந்தக் கடல் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லாததால் ஏரி வெட்டிக்கொண்டோம். பெரிதாக வெட்டியவன் ராஜேந்திர சோழன். கங்கை வரை படையனுப்பி, அங்கிருந்து தண்ணீர் கொண்டுவரச் செய்து, கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் கண்டான். நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் புகழ்கிறது. அந்த ஏரியைப் பொன்னேரி என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் ஆண்டு கழித்து அதே கங்கையின் மீனும் எங்கள் ஏரிகளுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் படையெடுப்பு தேவைப்படவில்லை. ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையும் ஒரு சின்ன லாரியும் போதுமாயிருந்தன.

நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001-ல் அரியலூர் மாவட்டம். 2002-ல் பழையபடி பெரம்பலூர். 2007-ல் திரும்பவும் அரியலூர். எங்கள் ஏரி மீன்கள் ஒரே தண்ணீரில் இருந்தபடியே நான்கு முறை மாவட்டம் மாறின. மனிதர்களுக்குப் புதிது புதிதாகக் கலெக்டர் வந்தார். மீன்களுக்குக் குத்தகைக்காரர் வந்தார்.

குத்தகைக்காரர் வருவதற்கு முந்தைய ஏரியைச் சொல்கிறேன். மாசி, பங்குனியில் மதகு வழியே வயலுக்குப் போனது போக இடுப்பளவு தண்ணீர் நிற்கும். சித்திரை வெயிலில் அது முழங்காலுக்கு இறங்கும். இனியும் விட்டுவைத்தால் கொக்குதான் தின்னும் என்று பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். தண்டோரா போடுவார்கள். பக்கத்து ஊர்களுக்கும் சேதி போய்விடும். விடியற்காலை சைக்கிள் சைக்கிளாக உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு கேரியரிலும் ஓர் ஊத்தா கட்டியிருக்கும். ஆண்டு முழுக்க எட்டிப்பார்க்காத பங்காளிகூட அன்றைக்கு அக்காள் வீட்டை நினைத்துக்கொள்வான்.

கரையில் அய்யனாருக்குத் தேங்காய் உடைத்ததும் ஒரு பெரியவர் வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி வீசுவார். அவ்வளவுதான், பிறகு ஏரியில் தண்ணீர் தெரியாது, தலைதான் தெரியும். ஊத்தா என்பது மூங்கில் சிம்புகளால் முடைந்த, அடிவாய் அகன்று மேல்வாய் குறுகிய கூடை. இரண்டு பக்கமும் திறந்திருக்கும். கலங்கல் தண்ணீரில் அதைத் தொப்பென்று கவிழ்த்து அமுக்க வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டால் சிம்பில் முட்டும். மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். விரால் என்றால் வழுக்கும். தேளி என்றால் முள்ளால் குத்தும். குத்துப்பட்ட ஆம்பிளை அழக்கூடாது என்பது சட்டம். ஆனால் சத்தம் அடுத்த ஊர் வரை கேட்கும். பெண்கள் பழைய சேலையை இரண்டு பேராகப் பிடித்து அரிப்பார்கள். பொடிசுகளுக்குத் துண்டே வலை.

இத்தனை பேர் மிதித்துக் கலக்கினால் சேற்று நீரில் மூச்சுக்குக் காற்று போதாது. கெண்டை வகையறா வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் வெளிக்காற்றையே சுவாசிக்கக் கூடியவை. அவை சேற்றில் ஒதுங்கிக் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஆகவே காலையில் சின்னப்பிள்ளைகளுக்குக் கெண்டை, உச்சிவெயிலில் கைகாரர்களுக்கு விரால் என்று ஏரியே பாகம் பிரித்து வைத்திருந்தது.

இதில் நடுவர் கிடையாது, தராசு கிடையாது, கோப்பை கிடையாது. பிடித்த மீனை விற்கக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. விற்றால் அடுத்த வருஷம் ஏரி பெருகாது என்று நம்பினார்கள். இறங்க முடியாத கிழவிகள் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். சாயங்காலம் தெருவெல்லாம் ஒரே வாசம்: புளி, மாங்காய், மண்சட்டி. மறுநாள் பழையதுக்கு அந்தக் குழம்பு கிடைத்தவன்தான் உண்மையில் ஜெயித்தவன்.

சமத்துவபுரம் போல் தெரிகிறதா? அவசரப்பட வேண்டாம். தண்டோரா அடித்தவர் எந்தத் தெரு, துண்டு வீசியவர் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்ததால். கலிங்கு ஓரத்து ஆழம் ஊர்த் தெருவுக்கு, வடக்கு மூலைச் சேறு காலனிக்கு என்பதை எந்த வரைபடமும் சொல்லவில்லை. கால்கள் தாமாகப் பிரிந்து போயின. ஊத்தா முடைந்து கொடுத்த கை முதலில் இறங்கியதும் இல்லை. மனிதர் ஒருவரைப் பறையடித்து ஊர்ச்சேதி சொல்ல வைக்கும் வழக்கம் வேண்டாம் என்று தமிழக அரசு 2022-ல் சொன்னது. ஏரியில் பழையது போனதில் நான் வருத்தப்படாத சங்கதி அது.

வெள்ளைக்காரர்கள் இதே நீரை வேறு விதமாகப் பார்த்தார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவின் ஏரி குளங்களில் தூண்டில் போடுவது எப்படி என்று 1887-ல் ஒரு தனிப் புத்தகமே போட்டார். மற்றவர்களுக்கு ஏரி மீன் போதவில்லை. சொந்த ஊர் ட்ரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர 1860-களிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் பாடுபட்டார். பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் ட்ரவுட்டை அங்கே நிலைக்கச் செய்தார். அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் வந்தது. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, ஓடுகிற நீர் வேண்டும். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சுட்டால் திணறும். சித்திரையில் 40 டிகிரி காயும் பெரம்பலூருக்கு அது வந்திருந்தால் குழம்பு வைக்க அடுப்பே தேவைப்பட்டிருக்காது.

ட்ரவுட்டிலும் வந்தேறி உண்டு என்று விளக்கியவன், லெஸ்டர் நகரத்தில் வேலை பார்க்கும் எங்கள் பங்காளி வீட்டுப் பையன். ஒரு கோடைக்காலத்தில் கூப்பிட்டு, தான் மீன்பிடிப் போட்டியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னான்.

"எங்கடா, ஆத்துலயா?"

"ரட்லாண்ட் வாட்டர்னு ஒரு நீர்த்தேக்கம், சித்தப்பா. வேலை முடிஞ்சு சாயந்தரம் போனா ஒம்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஒரு படகுக்கு ரெண்டு பேரு."

"இரை என்ன? மண்புழுவா?"

"இரையே கூடாது. இறகும் நூலும் வச்சு ஈ மாதிரி கட்டி எறியணும். பொழுது சாயுறப்ப பூச்சி பறக்கும். அதைப் புடிக்க மீன் மேல வரும். அப்ப ஏமாத்தணும்."

"நெசமான ஈ அங்க கெடைக்காதா?"

"அதைக் கோர்த்தா போட்டியிலேர்ந்தே தூக்கிருவாங்க."

"அந்த மீனு அங்கயே பொறந்து வளர்றதா?"

கொஞ்சம் தயங்கினான். "இல்ல சித்தப்பா. பண்ணையில வளத்து வண்டியில கொண்டாந்து விடுறாங்க. ரெயின்போ ட்ரவுட்டு. பூர்வீகம் அமெரிக்கா."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. துரைமார் தேசத்திலும் தண்ணீர் குடிநீருக்குக் கட்டியது, மீன் வெளியூரிலிருந்து வந்தது, பிடிக்கக் காசு கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் பஞ்சாயத்தும் அந்த நாகரிகத்தை எட்டிவிட்டது.

எட்டிய வழி இப்படி. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கங்கை மீன்கள் வேகமாகக் கொழுக்கும். ஆனால் ஓடும் ஆற்றுப் புதுவெள்ளம் கண்டால்தான் முட்டையிடும். தேங்கிய ஏரியில் பிள்ளை பெறாது. ஒடிசாவில் 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தியக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். அதன்பின் குஞ்சு விலைக்குக் கிடைத்தது. விலைக்குக் கிடைத்ததால் வருஷா வருஷம் வாங்க வேண்டியதாயிற்று. காசு போட்டு வாங்குகிறவன் காவலும் போடத்தானே செய்வான்? அப்படித்தான் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் மீன்பாசி ஏலம் எங்கள் ஏரிக்கு வந்தது. ஏலத்தோடு கரையில் டார்ச் லைட்டும் ஓர் அறிவிப்புப் பலகையும் வந்தன.

எங்கள் விரால் அப்படியில்லை. தானே கூடுகட்டி, தானே குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிந்து, எவரிடமும் மானியம் கேட்காமல் குடும்பம் நடத்திய மீன். ஆனால் அது கட்லாக் குஞ்சைத் தின்னும். ஆகவே குஞ்சு விடுவதற்கு முன் ஏரியிலிருந்து அகற்ற வேண்டியவற்றின் பட்டியலில் விரால் சேர்ந்துவிட்டது. ராஜேந்திரன் காலத்திலிருந்து குடியிருந்தவன் பட்டியலில் இருக்கிறான். ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952-ல் இந்தியாவுக்குள் வந்த திலேப்பியாவோ, ஜிலேபிக் கெண்டை என்று செல்லப் பெயர் வாங்கிக்கொண்டு எல்லா வாய்க்காலிலும் வம்சம் பெருக்கியிருக்கிறது. ரேஷன் கார்டு ஒன்றுதான் அது இன்னும் வாங்கவில்லை.

ஏலம் எடுத்தவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மழை பெய்யாவிட்டால் அவர் பணம் சேற்றில். முன்பு சித்திரை வரை நின்ற தண்ணீர் இப்போது மாசியிலேயே மடங்குகிறது. வரத்து வாய்க்காலில் சீமைக் கருவேலம், ஆயக்கட்டில் ஆழ்குழாய், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி முழுக்க மோட்டார். கோடையிலும் வற்றாமல் பச்சையாக நிற்கும் நீரைப் பார்க்க வேண்டும் என்றால், கல் எடுத்துவிட்டுப் போன பழைய சுரங்கப் பள்ளங்களுக்குப் போகலாம். இறங்கப் படி கிடையாது, செங்குத்தான கரை. அங்கே யாரும் ஊத்தாவோடு போவதில்லை, போகவும் கூடாது.

சாயங்கால வேளையில் ஏரிக்கரைக்கு இப்போதும் கூட்டம் வருகிறது. பெரம்பலூரிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் பைக்கில் வரும் பையன்கள். கையில் கார்பன் ராடு, ரீலு, ரப்பரில் செய்த தவளை. எங்கள் காலத்தில் மூங்கில் குச்சி, நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை. நிஜத் தவளை இலவசம். மீன் மாட்டினால் முதலில் செல்போனுக்கு முகம் காட்டுகிறார்கள். பிறகு மீனுக்கு ஒரு முத்தம். பிறகு தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி இதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, திருப்பிக் குடுக்கிறதுக்கு அது என்ன கைமாத்தா?" என்று கேட்டது. அந்தக் கேள்வி எந்த வீடியோவிலும் வரவில்லை.

பாட்டியின் கேள்வியில் விஷயம் இருக்கிறது. வீட்டில் வேறு குழம்பு இருப்பவனுக்குத்தான் மீன்பிடிப்பு விளையாட்டு. எங்களுக்கு அன்றைக்கு வேறு குழம்பு இல்லை. அதனால்தான் ஏரியில் இறங்கி இத்தனை விளையாடியும் அதற்கு விளையாட்டு என்ற மரியாதை கிடைக்கவில்லை. இப்போது சில ஊர்களில் குத்தகைக்காரர் தன் பங்கை அள்ளிய பிறகு மிச்சத்துக்கு மீன்பிடித் திருவிழா வைக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தண்டோரா. ஊத்தாவுக்கு இவ்வளவு என்று சீட்டு. ட்ரோன் படம் எடுக்கிறது. படத்தில் கூட்டம் அழகாகத்தான் இருக்கிறது. மீன் எங்கே என்று கேட்பது நாகரிகம் இல்லை.

கட்டணமே இல்லாமல் மீன் பிடிப்பவர்களும் மாவட்டத்தில் உண்டு. கரைவெட்டி ஏரிக்கு 2024 ஜனவரியில் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்தும், கூட்டம் கூட்டமாக நாரையும் கொக்கும் அங்கே வருகின்றன. நாரைக்கும் கொக்குக்கும் ஏலமும் தெரியாது, சீட்டும் தெரியாது. வேண்டிய அளவு தின்றுவிட்டுப் பறந்துவிடுகின்றன. அன்றைக்கு நாங்கள் கொக்குக்கு விடக்கூடாது என்று அவசரப்பட்டதற்கு, கொக்கு இன்று வட்டியோடு பதில் சொல்கிறது.

எனக்கு ஏலம் ஒழிய வேண்டும் என்ற ஆசை இல்லை. பஞ்சாயத்துக்கு வருமானம் வேண்டும், மீனுக்குக் கவனிப்பு வேண்டும். கேட்பது ஒரே ஒரு நாள். மீன்பாசி ஏல நிபந்தனைகளில் ஒரு வரி சேருங்கள்: சித்திரையில் ஒரு நாள், கட்டணம் இல்லாமல், ஏரி ஊருக்கு. ஏரியின் ஒரு மூலையில் விராலுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். துண்டு வீசுவதைச் சுற்றுமுறையில் எல்லாத் தெருவுக்கும் கொடுங்கள்; முதல் முறை வடக்கு மூலைக்காரர்கள் வீசட்டும். கோப்பை வாங்கச் செலவில்லை, நடுவருக்குச் சம்பளம் இல்லை. ஊராட்சித் தலைவர்கள் அடுத்த ஏலத் தேதியைக் குறிப்பதற்கு முன் இதை ஒரு தீர்மானமாகப் போட்டால் போதும்.